நகர்ந்ததும் நிறுத்துங்கள்

மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக் சிலிண்டர் ஹெட்டோடு பிடித்துக்கொண்டு கழல மறுத்தால் என்ன செய்வது? நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு ஏறக்குறைய ஒரே பதில்தான். ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிட்டு இன்ஜினைச் சூடாக்கு. சூட்டோடு சூடாக ஸ்பேனரைப் போடு. அசையவில்லையென்றால் ஸ்பேனர் கம்பியில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகி இழு. ‘டக்’கென்று சத்தம் வந்துவிட்டால் ஜெயித்தாயிற்று, மளமளவென்று சுற்றி எடு. மதுரையானாலும் மன்னார்குடியானாலும் இந்தப் பாடம் மாறுவதில்லை. தொழில் பழகும் பையன் முதல் வருடத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறான். பிறகு அவனே கடை வைத்து அடுத்த பையனுக்குச் சொல்லித் தருகிறான்.

இந்தப் பாடம் தவறு என்பது என் கட்சி. சூடாக்கச் சொல்வது பாதித் தவறு. பைப் மாட்டச் சொல்வது முக்கால் தவறு. சத்தம் வந்த பிறகு மளமளவென்று சுற்றச் சொல்வது முழுத் தவறு. நான் பார்த்தவரையில், மரை போன ஹெட்டுகளில் பெரும்பாலானவை பிளக் அசையாமல் இருந்ததால் போகவில்லை. அசைந்த பிறகுதான் போயின.

முதலில் சூடு. சூடு கட்சிக்காரர்கள் சொல்லும் இயற்பியல் சரியானதுதான். ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் இரும்பு. ஒரே அளவு சூடேறினால் இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓட்டை பெரிதாகும், பிடி தளரும் என்கிறார்கள். எவ்வளவு பெரிதாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்தான் இல்லை. இன்று நம் தெருக்களில் ஓடும் 100 சிசி வண்டிகளில் இருப்பது 10 மி.மீ. மரை கொண்ட சின்ன பிளக். 30 டிகிரியில் இருந்த ஹெட் 130 டிகிரிக்குப் போனால் அந்த அலுமினிய ஓட்டை 0.023 மி.மீ. விரியும். பிளக்கின் இரும்பு 0.012 மி.மீ. விரியும். மிச்சம் 0.011 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. துருவும் கரியும் அடைத்துக் கிடக்கும் மரைக்கு இந்த இடைவெளி எந்த மூலைக்கு?

அதுவும் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஓடி நின்ற இன்ஜினில் அப்படி இருக்காது. பிளக்கின் முனை நெருப்புக்குள்ளேயே நிற்கிறது. அது வாங்கும் வெப்பம் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் ஹெட்டுக்கு இறங்கி, ஃபின்கள் வழியாகக் காற்றோடு போகிறது. வெப்பம் எப்போதும் சூடு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஓடும். அப்படியென்றால் ஹெட்டைவிட பிளக்தானே அதிகச் சூட்டில் இருக்க வேண்டும்? இன்ஜினை அணைத்த கையோடு ஸ்பேனர் போடுகிறவர் தனக்குக் கிடைக்கவேண்டிய அந்த அற்ப இடைவெளியிலும் ஒரு பங்கை இழந்துவிட்டுத்தான் போடுகிறார்.

லாபம் இவ்வளவுதான். நஷ்டம் பெரிது. சூடேற ஏற அலுமினியம் தன் உறுதியை இழக்கும். இரும்புக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. இளகிய அலுமினிய மரையின் மேல் இளகாத இரும்பு மரை அழுத்தி உராயும்போது அலுமினியம் ஈஷிக்கொள்ளும். ஈஷிய துணுக்கு அடுத்த பள்ளத்தில் அடைத்து, அங்கிருந்து இன்னும் கொஞ்சத்தைப் பெயர்க்கும். போதாததற்கு, சுடும் இன்ஜினில் வேலை செய்கிறவரின் கை துணியைச் சுற்றிக்கொண்டு அவசரத்தில் இருக்கிறது. பிளக் கழற்றுவதில் கைக்கு ஒரே ஒரு கடமைதான்: பிடி எப்படி மாறுகிறது என்று உணர்வது. அதையும் சூடு பறித்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஃபோர்டுக்கு வந்த வம்பு இதற்கு நல்ல சாட்சி. எஃப்-150 போன்ற வண்டிகளில் அவர்கள் போட்ட 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8 இன்ஜினில் பிளக்கின் அடிப்பகுதி கரி பிடித்து ஹெட்டோடு ஒட்டிக்கொண்டது. கழற்றும்போது இரண்டாக உடைந்து பாதி உள்ளேயே தங்கியது. ஊரெல்லாம் புகார். 2008இல் அந்த நிறுவனம் தன் பணிமனைகளுக்கு அனுப்பிய அறிவிப்பில், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதுகூடத் தொடாதே, அறையின் வெப்பத்துக்கு ஆறிய பிறகே தொடு என்று சொன்னது. சூட்டில் கழற்றினால் மரை கெடும் வாய்ப்பு கூடும் என்ற காரணத்தையும் எழுதியது. முதலில் கால் சுற்றுக்கு மேல் தளர்த்தாதே, கார்பரேட்டர் கிளீனர் ஊற்று, குறைந்தது 15 நிமிடம் காத்திரு, பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பி எடு என்றது. கார் இன்ஜின்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அலுமினிய ஹெட், இரும்பு பிளக், நடுவே கரி. நம் வண்டியிலும் இதே மூன்று பேர்தான்.

சூட்டுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய் விட்டுவைத்த மரையை ஒருமுறை சூடாக்கி முழுக்க ஆறவிட்டால், விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி ஆங்காங்கே விரிசல் விடும். ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுபடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்வது பலன் தரும். ஆனால் இதில் சூடு மூச்சு வாங்கும் வேலையைச் செய்கிறது. ஸ்பேனர் போடும் நேரம் ஆறிய பிறகுதான். பட்டறைப் பாடம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

இனி பைப். 10 மி.மீ. பிளக்கைப் பொருத்தும்போது, பிளக் தயாரிக்கும் என்.ஜி.கே. நிறுவனம் சொல்லும் முறுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். பன்னிரண்டு சென்டிமீட்டர் கம்பியின் முனையில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. வண்டியோடு கொடுக்கும் பிளக் ஸ்பேனரின் கம்பி அவ்வளவு குட்டையாக இருப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. அதற்கு மேல் முறுக்க முடியாமல் இருக்கட்டும் என்ற முன்யோசனை. இதில் நாற்பது சென்டிமீட்டர் பைப்பைச் செருகி முப்பது கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 120 நியூட்டன் மீட்டர் வரும். பொருத்தியதைப் போல பத்து மடங்கு. அதைத் தாங்க வேண்டியது என்ன? பிளக்கைக் கட்டியான இரும்பு போல்ட்டாக நினைத்துக்கொள்கிறோம். அதன் நடுவே பீங்கான் ஓடுகிறது. பீங்கானைச் சுற்றி நிற்கும் இரும்பு ஒரு மெல்லிய குழாய் மட்டுமே. பத்து மடங்கு முறுக்கில் அந்தக் குழாய் கழுத்தில் அறுந்து, ஆறுமூலைத் தலை ஸ்பேனரோடு கையில் வரும். மரைப் பகுதி ஹெட்டிலேயே குந்தியிருக்கும்.

இந்த முரட்டுக் கை எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. ராஜ்தூத், ஜாவா, ஆர்எக்ஸ் 100, சேத்தக், டிவிஎஸ் 50 எல்லாவற்றிலும் 14 மி.மீ. பிளக். அதற்கான முறுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். அந்தத் தடித்த பிளக்கில் பழகிய கை, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 கொண்டுவந்த 10 மி.மீ. பிளக்கிலும் அதே வேகத்தைக் காட்டியது. தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் காலத்தில் பிளக் ஒட்டிக்கொள்ள அவகாசமே இருந்ததில்லை. எண்ணெய் கலந்த பெட்ரோலில் பிளக் அடிக்கடி அடைக்கும். ஓட்டுகிறவரே சாலை ஓரத்தில் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டுவார். மரை எப்போதும் எண்ணெய்ப் பசையோடும் புழக்கத்தோடும் இருந்தது. ஃபோர்-ஸ்ட்ரோக் வந்ததும் பிளக்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து, பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டரும் போய் இன்ஜெக்‌ஷன் ஆன பிறகு இன்னும் மோசம். வண்டி காலையில் ஒரே பட்டனில் உயிர் பெறுகிறது, பிளக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. வருடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்த பிளக்கை ஒரு நாள் கழற்ற வேண்டி வரும்போது, பழைய முரட்டுக் கை புதிய மெல்லிய மரையைச் சந்திக்கிறது.

இனிதான் முக்கியமான சண்டை. பைப் கட்சியில் விவரமானவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். அதை நான் மதிக்கிறேன். “எண்ணெய் விடு, ஊற வை என்கிறீர்களே, எண்ணெய் எப்படி மரைக்குள் போகும்? பிளக்கின் வாஷர் மேலே கச்சிதமாக அடைத்து நிற்கிறது. இன்ஜினுக்குள் வெடிக்கும் வாயுவையே வெளியே விடாத அடைப்பு அது. உங்கள் எண்ணெய்க்கு மட்டும் வழி விடுமா?”

வாதம் சரியானது. வாஷர் இறுகியிருக்கும்வரை மேலே ஊற்றும் எண்ணெயில் பெரும்பகுதி அங்கேயே குளமாக நிற்கும். ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோகிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. 10 மி.மீ. பிளக்கின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். எட்டில் ஒரு பங்கு சுற்றினால் பிளக் 0.125 மி.மீ. மேலே வரும். வாஷரின் அழுத்தம் விட்டுப்போக அது தாராளம். அந்தக் கணமே எண்ணெய்க்கு வழி திறக்கிறது. அப்படியானால் ஸ்பேனரின் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவதே இல்லை. வாஷரின் வாயைத் திறப்பது மட்டும்தான். எட்டில் ஒரு பங்கு சுற்று போதும். அங்கே நிறுத்த வேண்டும்.

யாரும் நிறுத்துவதில்லை என்பதுதான் என் புகார். அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய பிளக் ‘டக்’கென்று அசைந்ததும் கை குதூகலிக்கிறது. உலர்ந்த மரையில், துருப்பொடியோடும் கரித்தூளோடும், அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே போகிறது. உள்ளே நடப்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பொடி எங்கும் போக வழியில்லாமல் மரைப் பள்ளங்களில் சேர்ந்து இறுகுகிறது. பிளக்கின் அடி மரை எரிவறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் படிந்த கெட்டிக் கரி முழுவதும் ஹெட்டின் மரைக்குள் இழுபட்டு வருகிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று சுலபமாகப் போகும். பிறகு பிடி கூடும். இப்போதுதான் நின்று யோசிக்க வேண்டும்; ஆனால் ‘முக்கால்வாசி வந்துவிட்டது’ என்ற தைரியத்தில் மறுபடி பைப்பை எடுப்பார்கள். கடைசியில் பிளக் வெளியே வரும்போது அதன் மரையில் வெள்ளிச் சுருள் மாதிரி ஏதோ சுற்றியிருக்கும். அது ஹெட்டின் மரை. வெற்றி விழா கொண்டாடும் நேரத்தில் ஹெட் போயிருக்கும்.

விரலில் மாட்டிய மோதிரத்தை எந்தப் பாட்டியும் நேராக இழுத்துக் கழற்றச் சொல்ல மாட்டாள். சோப்பைத் தடவி, இப்படியும் அப்படியும் திருகித் திருகித்தான் எடுக்கச் சொல்வாள். பிளக்குக்கும் அதே நியாயம்தான். எட்டில் ஒரு பங்கு அசைந்ததும் நிறுத்தி, எண்ணெயை விட்டு, குறைந்தது கால் மணி நேரம் காத்திருங்கள். ராத்திரி முழுக்க விட முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு முதலில் உள்பக்கமாகத் திருப்புங்கள். ஆம், இறுக்கும் பக்கம்தான். வந்த வழியில் திரும்பிப் போகும்போது பொடி நொறுங்கி எண்ணெயோடு குழம்பும். அடுத்தது அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. கிரீச்சென்று சத்தம் கேட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. மரையின் நீளம் 12.7 மி.மீ.; மொத்தமே பன்னிரண்டு சுற்றுச் சொச்சம்தான் கடக்க வேண்டும். சாதாரணமாக மூன்று நான்கு சுற்றுக்குள் பிடி விட்டுவிடும்; அதன் பிறகு விரலாலேயே சுற்றலாம். சிலிண்டருக்குள் சொட்டிய எண்ணெயைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளக் வந்ததும் சாவியை அணைத்து வைத்தபடி நாலு உதை உதைத்தால் வெளியே வந்துவிடும். மிச்சம் முதல் ஓட்டத்தில் புகையாகப் போகும். பொருட்படுத்த வேண்டியது எண்ணெயை இல்லை, மணலை. ஸ்பேனர் போடும் முன்பே பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால், கழன்ற பிளக்கின் பின்னாலேயே மண் உள்ளே இறங்கும். பக்கத்துப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் போதும்.

முதல் அசைவுக்கு எவ்வளவு பலம் போடலாம் என்ற கேள்வி வரும். என் அளவுகோல்: பொருத்தும் முறுக்கைப் போல இரண்டரை மடங்கு. அதாவது 10 மி.மீ. பிளக்குக்கு 25, மிஞ்சினால் 30 நியூட்டன் மீட்டர். அதற்குள் அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் எண்ணெய், சூடாக்கி ஆறவிடுவது, இன்னொரு நாள். ஆறுமூலைக்குச் சரியாகப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனரின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகச் சில தட்டுகள் தட்டலாம்; துருவின் பிடிக்கு அதிர்வு ஆகாது. பக்கவாட்டில் தட்டினால் பீங்கான் போகும். கவனிக்க வேண்டிய இன்னொன்று அந்த அசைவின் தன்மை. நிஜமாகவே பிடி விட்டால் சட்டென்று விடும், பிறகு கை இலேசாகும். விடாமல், அதே கனத்தில் மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே வந்தால் திரும்புவது பிளக் இல்லை; அதன் கழுத்து முறுகிக்கொண்டிருக்கிறது. உடனே கையை எடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. டபிள்யூடி-40 டப்பாவைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். 1953இல் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி அதை உண்டாக்கியது ஈரத்தை விரட்டி உலோகம் துருப்பிடிக்காமல் காப்பதற்கு. இறுகிய மரையில் ஊடுருவுவதற்கென்றே அதே பெயரில் தனியாக ஒரு சரக்கையும் அவர்களே விற்கிறார்கள் என்பதிலிருந்து விஷயம் புரியும். துருவுக்கு ஊடுருவும் எண்ணெய், கரிக்குக் கார்பரேட்டர் கிளீனர். எதுவும் கிடைக்காத ஊரில் டீசலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில். எதுவானாலும் ஆறிய இன்ஜினில்தான். சூட்டில் ஊற்றினால் தீப்பிடிக்கலாம்.

பிளக் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதை விட்டுவிட்டுக் கழற்றும் விதத்தை மட்டும் பேசுவதும் இந்தப் பட்டறைப் பாடத்தின் கோளாறுதான். கழலாத பிளக்கின் குற்றவாளி கழற்றுகிறவர் இல்லை. போன முறை மாட்டியவர். சுத்தம் செய்யாத மரையில், ஸ்பேனரைக் கொண்டே முதல் சுற்றைத் தொடங்கி, ‘ஒரு அழுத்து’ கூடுதலாக அழுத்தி இறுக்கியவர். புது பிளக் என்றால் விரலால் அடிவரை சுற்றி, வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று. கழற்றிய பழைய பிளக் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவே. விரல் எட்டாத குழியென்றால் பிளக்கின் பீங்கான் மேல் ஒரு துண்டு பெட்ரோல் டியூபைச் செருகிச் சுற்றலாம். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிக்கொண்டு நின்றுவிடும். ஸ்பேனர் அப்படி நிற்காது, அறுத்துக்கொண்டு போகும்.

தண்ணீருக்கும் பங்குண்டு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். 2003இல் வந்த டிடிஎஸ்-ஐ பல்சரில் இரண்டு பிளக். ஒன்று கண்ணுக்கு எதிரே இருக்கிறது, மெக்கானிக் அதை மாற்றுகிறார். குழிக்குள் இருக்கும் இன்னொன்றைத் தொடுவதில்லை. வாட்டர் வாஷில் பீய்ச்சிய தண்ணீர் எங்கே போய்த் தங்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில இன்ஜின்களில் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். அது சேற்றால் அடைபட்டிருப்பதையும் யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது காரணம் பொருந்தாத பிளக். 12.7 மி.மீ. நீள மரை வேண்டிய இடத்தில் ‘இதுவும் சேரும்’ என்று 19 மி.மீ. மரையைப் போடுகிற கடைக்காரர்கள் உண்டு. பிஸ்டனில் இடிக்காமல் தப்பினாலும், நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு மில்லிமீட்டரில் கரி வெந்து கெட்டியாகும். அந்த பிளக்கைக் கழற்றுவது கரியை ஹெட்டுக்குள் இழுப்பதற்குச் சமம்.

“அப்படியானால் மாட்டும்போதே கிரீஸ் தடவிவிட்டால் தீர்ந்தது” என்பது அடுத்த நம்பிக்கை. இதிலும் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய பிளக்குகளின் மரையில் உற்பத்தியாளரே முலாம் பூசித்தான் அனுப்புகிறார். ஒட்டாமலும் துருப்பிடிக்காமலும் இருப்பதற்காகத்தான் அந்தப் பூச்சு. அதன் மேல் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். கைக்குத் தெரியவே தெரியாது. வேண்டாம் என்று என்.ஜி.கே. வெளிப்படையாகவே சொல்கிறது. சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் வெந்து தானே பிசினாக மாறும் என்பது தனிக்கதை. சில வாகன உற்பத்தியாளர்கள் செம்புத்தூள் கலந்த பசையைத் துளி தடவச் சொல்வதும் உண்மைதான். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு அதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் முறுக்கை நாலில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ளத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இருந்தால் பசையே தேவைப்படாது என்பதுதான் வேடிக்கை.

“இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது சார், கஸ்டமர் நிற்கிறாரே?” என்பார்கள் மெக்கானிக்குகள். இந்த ஆட்சேபத்துக்கு நான் பாதி இணங்குகிறேன். வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே, “அண்ணே, ஆச்சா? ஆபீசுக்கு நேரமாச்சு” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்க யாருக்கு மனம் வரும்? பிளக் மாற்றுவதற்குக் கூலி சில்லறைதான்; காத்திருப்பதற்குக் கூலியே கிடையாது. பைப்பை எடுக்க வைப்பதில் அவசரக்கார வாடிக்கையாளருக்கும் சமபங்கு உண்டு. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். நூறு, நூற்றைம்பது ரூபாய் பிளக். அது கழுத்தறுந்தால் ஹெட்டை இறக்க வேண்டும், லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கேஸ்கட் மாற்ற வேண்டும், இரண்டு நாள் வண்டி இல்லை. செலவு ஆயிரங்களில். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் நமக்குத் தெரியும். “மரை முன்னாடியே போயிருந்துச்சு சார்” என்ற வாக்கியத்தைக் கேட்காத வண்டிக்காரர் உண்டா? சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுக் காலையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லும் மெக்கானிக், இந்தக் கணக்கில் இரண்டு பேரையும் காப்பாற்றுகிறார். அவருக்கு அந்த ராத்திரிக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பதில் என்ன தப்பு?

ஹெட்டை இறக்குவது தோல்வி என்ற எண்ணமும் போக வேண்டும். 30 நியூட்டன் மீட்டரிலும், இரண்டு நாள் எண்ணெயிலும் அசையாத பிளக்குக்கு, பிளக் முழுதாக இருக்கும்போதே ஹெட்டை இறக்குவதுதான் புத்திசாலித்தனம். கையில் வந்த ஹெட்டைக் கவிழ்த்து வைத்துக் கீழ்ப்பக்கத்திலிருந்து எண்ணெய் விடலாம். அங்கே வாஷர் தடுக்காது. கரியைக் கண்ணால் பார்த்துச் சுரண்டலாம். வைஸில் அசையாமல் பிடித்துக்கொண்டு நேராக முறுக்கலாம். தலை அறுந்த பிறகு இதே ஹெட்டை இறக்கினால் வேலை வேறு மாதிரி. உள்ளே தங்கிய குழாயில் இடது மரை ஈஸி-அவுட்டைத் திருகுவார்கள். அது உள்ளே இறங்க இறங்க மெல்லிய குழாயை வெளிப்பக்கமாக விரித்து இன்னும் இறுக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை; கெட்டி இரும்பான ஈஸி-அவுட்டும் உள்ளே உடைந்துவிட்டால் டிரில்லும் ஏறாது. அதன் பிறகு ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரைக்காக ஹெலிகாயிலோ புஷ்ஷோ போட வேண்டும். 100 சிசி ஹெட்டில் பிளக் ஓட்டைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே அதிகச் சதை கிடையாது. பெரிதாக்கப் பெரிதாக்க அந்த இடம்தான் மெலியும், நாளைக்கு விரிசல் விடும். நல்ல லேத்துக்காரர் ஹெலிகாயிலைச் சுத்தமாகப் போட்டுத் தருவார், பழைய மரையைவிட உறுதியாகக்கூட இருக்கும். ஆனால் அவரிடம் போக வேண்டிய அவசியமே வந்திருக்க வேண்டாம்.

கொஞ்சம் தளர்த்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் கம்ப்ரஷனே பிளக்கைத் தள்ளிவிடும் என்று ஒரு வித்தையும் உலவுகிறது. பாதி மரையில் தொங்கும் பிளக்கின் மேல் வெடிப்பை ஏவுவது அது. தெறித்து வந்தால் முதலில் எதிரே இருப்பது முகம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

மிச்சமிருப்பது ஒரே ஓர் ஆட்சேபம். ராத்திரி நேரம், நடுவழி, வண்டி நின்றுவிட்டது, பிளக் கழலவில்லை. அப்போதும் எண்ணெய் விட்டுக் காத்திருப்பதா என்பார்கள். அங்கே பிளக்கோடு போராடவே வேண்டாம். நேற்றுவரை ஒரே உதையில் கிளம்பிய வண்டி திடீரென்று நின்றால் முதல் சந்தேகம் பெட்ரோல் மேலும், பிளக் கேப் மேலும், வயர் மேலும் விழட்டும். பையில் ஒரு ஸ்பேர் பிளக் இருந்தால், கழலாத பிளக்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, கேப்பை மட்டும் உருவி ஸ்பேர் பிளக்கில் மாட்டுங்கள். அதன் இரும்பு உடம்பை இன்ஜினின் வெற்று உலோகத்தில் அழுத்தி வைத்து, பெட்ரோல் ஒழுக்கு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கேப்பை ரப்பரில் பிடித்தபடி ஒருமுறை உதையுங்கள். நீலப் பொறி வந்தால் காயிலும் வயரும் நன்றாக இருக்கின்றன. பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் சந்தேகம் பிளக் மேல் திரும்பும், காலையில் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். பொறியே வரவில்லையென்றால் கோளாறு கேப்பிலோ வயரிலோ காயிலிலோ இருக்கக்கூடும். அந்த நேரத்தில் பிளக்கைப் பைப் போட்டுக் கழற்றியிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்காது.